எந்த நாளில், எந்தத் தெருவில்? – சென்னை உணவு அனுபவங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்னையில் வழக்கமான ஓட்டல் சாப்பாட்டுக்கு அப்பால் என்னென்ன உண்டு என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை எழுதுகிறேன். பலரும் 'எந்த ஓட்டல்?' என்றே கேட்டிருக்கிறார்கள். இந்நகரத்தில் நினைவில் நிற்கும் உணவுகள் பலவற்றுக்கும் இடத்தைவிட நாளும் வேளையுமே முக்கியம் என்பது என் எண்ணம். மார்கழியில் கிடைப்பது பங்குனியில் கிடைக்காது. அந்தி சாய்ந்த பிறகு கிடைப்பதை மதியத்தில் தேடினால் பூட்டிய கடையைத்தான் பார்க்க முடியும். ஆகவே முடிந்தவரை காலத்தையும் சேர்த்தே குறிப்பிட்டிருக்கிறேன்.

டிசம்பர் கடைசியில் மூன்று நாள் சென்னையில் தங்கப் போகிறோம். என் மனைவிக்குக் கச்சேரி கேட்க ஆசை. எனக்குச் சபா கேன்டீனில் சாப்பிட ஆசை. கச்சேரி டிக்கெட் இல்லாமல் கேன்டீனுக்குள் விடுவார்களா? அப்படி என்னதான் அங்கே விசேஷம்?
– வாசகர், கும்பகோணம்

தாராளமாகப் போகலாம். பெரும்பாலான சபாக்களில் கேன்டீன் அரங்குக்கு வெளியே, பந்தலின் கீழ் நடக்கிறது. உள்ளே பாடுகிறவர் யாரென்று தெரியாமலே சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்; அவர்களை யாரும் தடுப்பதில்லை.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றி, டிசம்பர் இசைவிழா வேரூன்றியது. காலையில் விரிவுரை, மதியத்தில் இளங்கலைஞர்களின் கச்சேரி, மாலையில் மூத்த வித்வான் என்று நாள் முழுவதும் நிகழ்ச்சி இருக்கும்போது, ரசிகர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது நடவாத காரியம். கேன்டீனின் சுவைக்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. கல்யாணச் சமையல் காண்டிராக்டர்களுக்கும் அவர்களிடம் கரண்டி பிடித்துத் தேர்ந்த சமையல்காரர்களுக்கும் அந்த ஒரு மாதம் மண்டப வேலை இராது. அந்தக் கைகள்தாம் சபாவுக்கு வந்து அடுப்பு மூட்டுகின்றன. மவுண்ட்பேட்டன் மணி ஐயர், ஞானாம்பிகா, மின்ட் பத்மநாபன் ஆகிய பெயர்களைச் சென்னை ரசிகர்கள் பாடகர்களின் பெயர்களுக்கு இணையாகச் சொல்வது இதனால்தான். கல்யாண வீட்டுச் சாப்பாட்டை அழைப்பிதழ் இல்லாமல், காசு கொடுத்துச் சாப்பிடக் கிடைக்கும் மாதம் இது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டை ஒரு நாளாவது இலையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். நுனி இலையை இடப்பக்கம் இருக்கும்படி போட்டுத் தண்ணீர் தெளித்ததும், வலது கீழ்க்கோடியில் ஒரு துளி பாயசம் விழும். பிறகு பச்சடி, கோசுமல்லி, கறி, கூட்டு, வடை, அப்பளம் என்று மேல்வரிசை நிரம்பும். கடைசியில்தான் சாதம் வரும், அதன் மேல் பருப்பு, அதன் மேல் நெய். பரிமாறுகிறவர் வாளியோடு வேகமாக நடந்துகொண்டே இருப்பார். குழம்புச் சாதத்தில் இருக்கும்போது அவர் ரசத்தோடு வந்துவிட்டால் பதற வேண்டாம்; 'அடுத்த சுற்றில்' என்று சொன்னால் மறுபடியும் வருவார். மாலைச் சிற்றுண்டியில் வாழைப்பூ வடை, கீரை வடை, சேவை வகைகள், அசோகா அல்வா போன்றவை அன்றன்றைய பட்டியலைப் பொறுத்து இருக்கும். சமையற்காரரின் கைவண்ணம் வெளிப்படுவது பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான் என்பதால், என் ஓட்டு மாலைச் சிற்றுண்டிக்கே.

எந்தச் சபாவில் யார் சமையல் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் நாளிதழ்களில் வரும் செய்திகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறுகளில் பந்திக்கு வரிசை நீளும். வார நாளில் பதினொன்றரை மணிக்கே போய்விட்டால் நிதானமாகச் சாப்பிடலாம். மனைவி மாலைக் கச்சேரிக்குப் போவதாக இருந்தால் நான்கு மணிக்கு இருவரும் சேர்ந்து சிற்றுண்டி முடித்துவிடுங்கள். தனி ஆவர்த்தனம் நடக்கும்போது எழுந்து கேன்டீனுக்கு நடப்பது மிருதங்கக் கலைஞருக்குச் செய்யும் அவமரியாதை.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மால், பீட்சா என்றே இருக்கிறார்கள். சென்னையில் பர்மா உணவு கிடைக்கிறதாமே? சனிக்கிழமை மாலை அழைத்துப் போகலாமா? சுத்தமாக இருக்குமா?
– வாசகி, பெரம்பூர்

அவசியம் அழைத்துப் போங்கள். மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்தில் இறங்கினால் பர்மா பஜார் பக்கத்திலேயே இருக்கிறது. அதை ஒட்டிய தெருக்களில் மாலையில் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள் முளைக்கும்.

போகும் வழியிலேயே பிள்ளைகளிடம் அதன் கதையைச் சொல்லிவிடுங்கள். பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள், 1962இல் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிக் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கிய பிறகு, கையில் கிடைத்ததோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பிழைப்புக்காக 1969இல் ஏற்பட்டதே பர்மா பஜார். பெட்டி படுக்கைகளை விட்டுவிட்டு வர நேர்ந்தவர்களும் நாக்கின் நினைவைக் கூடவே கொண்டு வந்தார்கள். வியாசர்பாடியிலும் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறினார்கள் என்பதால் அங்கும் இந்தக் கடைகள் உண்டு. பெரம்பூரிலிருந்து உங்களுக்கு அது இன்னும் பக்கம்.

அத்தோ கலக்குவதைக் கடையின் முன்னாலேயே நின்று பார்க்க வேண்டும். வேகவைத்து ஆறவைத்த தடித்த நூடுல்ஸைக் கடைக்காரர் ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போடுவார். மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு, பூண்டு பொரித்த எண்ணெய், புளிக்கரைசல், வறுத்த மிளகாய்த் தூள், உப்பு என்று ஒவ்வொன்றாக விழும். மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான கடலை மாவுப் பொரிப்பை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைவார். அடுப்பில் வைத்துக் கிளறுவதில்லை. புளிப்பும் எண்ணெயும் நூடுல்ஸில் ஏறுவது அந்தக் கைப்பிசைவில்தான். கூடவே வாழைத்தண்டு சேர்ந்த சூடான சூப் ஒரு கிண்ணம் வரும். மொய்ங்கா என்று கேட்டால் நூடுல்ஸ் அந்தச் சூப்பில் மூழ்கி வரும். அவித்த முட்டையைப் பிளந்து உள்ளே வறுத்த வெங்காயத்தையும் பூண்டு எண்ணெயையும் வைத்துத் தரும் முட்டை மசாலாவைப் பிள்ளைகள் ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள் என்பதற்கு நான் உத்தரவாதம். காரம் குறைவாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

சுத்தம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அத்தோ சூடாகப் பரிமாறப்படும் பண்டம் அல்ல என்பதால், கூட்டம் வந்துபோய்க்கொண்டே இருக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே எந்தப் பொருளும் நெடுநேரம் தேங்காது. கடை திறந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் போவது நல்லது. குடிதண்ணீரை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். வயிறு மென்மையான சிறு குழந்தைகளுக்குச் சூடான சூப்பும் முட்டையும் மட்டும் போதும்.

ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நான் இஸ்லாமியர் அல்லர். போவது முறையா? வேடிக்கை பார்க்க வந்தவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், அம்பத்தூர்

உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன்; அது இருக்கும்வரை நீங்கள் தவறாக நடந்துகொள்ள வாய்ப்பில்லை.

முதலில் நோன்புக் கஞ்சியிலிருந்து தொடங்குங்கள். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, சில இடங்களில் கைமாவும் போட்டுப் பெரிய அண்டாவில் குழையக் காய்ச்சும் இந்தக் கஞ்சி, பகல் முழுதும் வெறும் வயிறாக இருந்தவருக்கு முதல் உணவாக ஏற்றது. தமிழகமெங்கும் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படுவது இது. இதற்கென்று தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கிவருகிறது. மாலைத் தொழுகையை ஒட்டி அக்கம்பக்கத்தார் தூக்குச்சட்டியோடு வந்து வாங்கிப் போவார்கள். அந்த வரிசையில் எல்லா மதத்தாரும் நிற்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். உங்கள் பகுதிப் பள்ளிவாசலில் ஒரு பாத்திரத்தோடு போய்க் கேளுங்கள். ஊற்றும்போது 'போதும்' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1795இல் ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் கட்டியது அது. பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவிய சூஃபிதார் என்னும் அமைப்பைச் சேர்ந்த தொண்டர்கள், பல பத்தாண்டுகளாக ரமலான் மாதம் முழுவதும் அங்கே நோன்பு திறப்போருக்கு உணவு அளித்துவருகிறார்கள். தொண்டர்களில் பெரும்பாலோர் சிந்தி இந்துக்கள். மயிலாப்பூரில் சைவ உணவாகச் சமைத்து, வண்டியில் கொண்டுவந்து, தலையில் தொப்பி அணிந்து தாங்களே பரிமாறுகிறார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் உண்ணும் அந்த வரிசைகளில் யார் விருந்தாளி, யார் விருந்தளிப்பவர் என்று பிரித்துச் சொல்வது கடினம். சென்னையில் நான் கண்ட உணவுக் காட்சிகளில் இதற்கு மேலாக ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அங்கே போவதானால் அடக்கமான உடையில், சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னதாகச் செல்லுங்கள். வாயிலில் இருக்கும் பொறுப்பாளரிடம் பார்க்க வந்திருப்பதைச் சொல்லி அனுமதி பெறுங்கள். நோன்பிருந்தவர்களுக்கே முதல் உரிமை என்பதால் அழைத்தால் மட்டும் உட்காருங்கள். சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் படமெடுக்க வேண்டாம். பசித்து உண்பவர் காட்சிப் பொருள் அல்லர். ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் முன்னதாக ரமலான் நகர்ந்து வரும், நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார்களாமே! அதில் என்ன இன்பம்?
– வாசகி, கோயம்புத்தூர்

1999இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தில் தொடங்கிய 'பிளிண்டெகூ' என்னும் உணவகம் இம்முறைக்கு முன்னோடி. பார்வையற்றோருக்கு வேலையளிப்பதும், பார்வையுள்ளோர் அவர்களுடைய உலகத்தைச் சிறிது நேரமாவது உணர்வதும் அதன் நோக்கங்கள். செல்பேசி, ஒளிரும் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துவிட்டு, பார்வையற்ற பரிமாறுநர் வழிநடத்த, முன்னவர் தோளில் கைவைத்து வரிசையாக உள்ளே போக வேண்டும். அந்த அறையில் வழி தெரிந்தவர் அவர், தடுமாறுகிறவர்கள் நாம். ஒரு வாய் எடுத்து வைத்த பிறகுதான் அது பூசணியா, சர்க்கரைவள்ளியா என்று நாக்கு யோசிக்கத் தொடங்கும். நாம் எவ்வளவு உணவைக் கண்ணாலேயே தின்றுவந்திருக்கிறோம் என்பது அப்போது விளங்கும்.

இந்தியாவில் ஐதராபாத் போன்ற நகரங்களில் இம்முயற்சி நடந்திருக்கிறது. விருந்தினர் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு, இருட்டு விருந்து என்று சொல்லி நடத்தும் கேளிக்கைகளுக்கு நான் பரிந்துரை செய்யமாட்டேன். பார்வையற்றோர் பரிமாறாத இடத்தில் அந்த அனுபவத்தின் பொருளே போய்விடுகிறது. ஒவ்வாமை உள்ள பொருள்களை உள்ளே போகுமுன் சொல்லிவிட வேண்டும். இருட்டுக்கு அஞ்சும் குழந்தைகளை வற்புறுத்தி அழைத்துச் செல்லாதீர்கள்.

வீட்டிலேயே பத்துப் பன்னிரண்டு பேருக்கு விருந்து சமைத்துக் கட்டணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கட்டிவிட்டு அறியாத ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவது சரியாக வருமா?
– வாசகி, மடிப்பாக்கம்

சரியாக அமைந்தால் ஓட்டலில் எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காத சாப்பாடு அது. செட்டிநாட்டு ஆச்சி ஒருவர் தம் வீட்டு முறைப்படி செய்யும் கும்மாயம் என்னும் இனிப்பும், நாஞ்சில் நாட்டுக்காரர் தேங்காயைப் பக்குவமாக வறுத்து அரைத்து வைக்கும் தீயலும் பெரிய சமையற்கூடத்துக்கு அகப்படாதவை. அளவு கூடினால் அவற்றின் பக்குவம் கெட்டுவிடும். சமைத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழம்பு தம் வீட்டில் எந்த நாளில் வைக்கப்படும், யாரிடம் கற்றது என்று சொல்வதைக் கேட்டபடி சாப்பிடுவதில் உணவின் பாதிச் சுவை இருக்கிறது.

பணம் கட்டுமுன் சில விவரங்களைக் கேட்டறியுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இருக்கிறதா, அதன் 14 இலக்க எண் என்ன என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வீட்டிலிருந்து சமைத்து விற்பவருக்கும் பதிவு கட்டாயம் என்பதால், முறையாகச் செய்கிறவர் மகிழ்ச்சியோடு சொல்வார். பட்டியலை முன்னதாகக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பங்குக்கும் ஒரு கடமை உண்டு: பன்னிரண்டு பேருக்கென்று அளந்து சமைக்கும் வீட்டில், சொல்லாமல் இருவர் வராமல் போனாலும் சொல்லாமல் இருவர் கூடுதலாக வந்தாலும் அந்த அம்மாளுக்குத்தான் நட்டம். குறித்த நேரத்துக்குப் போய்விடுங்கள்.

உணவுத் திருவிழாக்களில் கூட்டத்தில் இடிபட்டு, பாதி ருசித்து, பணம் தீர்ந்து திரும்புகிறோம். இதற்கு என்ன வழி?
– வாசகர், தாம்பரம்

தொடக்க நாளையும் கடைசி நாளையும் தவிர்த்துவிடுங்கள். திறந்த வேளையிலேயே உள்ளே போய், எதையும் வாங்காமல் ஒரு முறை முழுதும் சுற்றி வாருங்கள். உங்கள் தெருமுனையில் கிடைக்காத பண்டம் எது என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு வாங்குங்கள். நால்வர் போனால் ஒரு பண்டத்துக்கு ஒரு தட்டு போதும். 2024 டிசம்பரில் மெரினா கடற்கரையில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா நடந்தபோது, அந்தந்த மாவட்டத்துப் பெண்கள் தங்கள் ஊர்ப் பண்டங்களை நேரில் சமைத்துத் தந்தார்கள். அத்தகைய விழாவில் பிரியாணியிலும் பஜ்ஜியிலும் வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்புவது பெரிய இழப்பு.

காரிலேயே உட்கார்ந்து சாப்பிட்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இப்போது உண்டா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. 1962 முதல் கதீட்ரல் சாலையில் நடந்துவந்த அது 2008இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

திருவிழா, விருந்து எதுவும் வேண்டாம். தனி ஆளாக, சாதாரண ஒரு நாளில், குறைந்த செலவில் போய்வர ஓர் இடம் சொல்லுங்கள்.
– வாசகர், வேலூர்

திருவல்லிக்கேணிக்குப் போங்கள். தனி ஆளாகச் சாப்பிடுகிறவர்களுக்காகவே வளர்ந்த பகுதி அது. வேலை தேடி வந்தவர்கள் தங்கும் மேன்ஷன்களும், அவர்களை நம்பி நடக்கும் மெஸ்களும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு முறை வரும்வரை காத்திருந்து உட்கார வேண்டும். முன்பின் அறியாதவரோடு ஒரே மேசையில் உண்பது அங்கே இயல்பு. காலை வேளையானால் 1948இல் தொடங்கிய ரத்னா கபேயில் சாம்பார் இட்லி சாப்பிடுங்கள். இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவதோடு நிற்காமல், குவளையோடு திரும்பவும் வந்து ஊற்றுவார்கள். அந்த ஓட்டலைத் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்பதை அறிந்தால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். இன்னொரு நாள் மயிலாப்பூர் பக்கம் போக நேர்ந்தால், சந்துக்குள் ஒளிந்திருக்கும் ராயர் மெஸ்ஸில் கெட்டிச் சட்னியோடு இட்லியும் வடையும் சாப்பிட்டுப் பாருங்கள். பண்ட வகைகள் சொற்பம். தாமதமாகப் போனால் தீர்ந்துபோயிருக்கும்.

அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் தெருவெங்கும் உணவு கொடுப்பார்களாமே? கொடுக்கிறவர்களோடு சேர்ந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, செங்கல்பட்டு

இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி. கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உற்சவம். நாயன்மார்கள் வீதியுலா வரும் மாட வீதிகளிலும் சுற்றுப்புறத் தெருக்களிலும் வீட்டுக்காரர்களும் வணிகர்களும் நண்பர் குழுக்களும் மேசை போட்டு நீர்மோர், பானகம், புளியோதரை, தயிர்ச்சாதம், சுண்டல் என்று வந்தவருக்கெல்லாம் கொடுப்பார்கள். பசியோடு போனால் கோயிலைச் சுற்றி வருவதற்குள் வயிறு நிறைந்துவிடும்.

சேர்ந்துகொள்ள எளிய வழி, முந்தைய வாரமே அப்பகுதியில் உறவினர் அல்லது நண்பர் ஒருவரைப் பிடித்து, அவர்கள் தெருவில் நடக்கும் விநியோகத்துக்கு அரிசியோ மோரோ ஆள் உதவியோ அளிப்பதாகச் சொல்வது. நறுக்கவும் ஊற்றவும் ஆள் தேவைப்படாத குழுவே இராது. தனியாக மேசை போடுவதானால் முன்கூட்டிக் காவல்துறையிடமும் மாநகராட்சியிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். பங்குனி வெயிலில் தயிர்ச்சாதம் சீக்கிரம் புளிக்கும் என்பதால் பால் அதிகமாகவும் தயிர் குறைவாகவும் சேர்த்துப் பிசைந்து எடுத்துச் செல்லுங்கள். பிளாஸ்டிக் தட்டுக்குப் பதிலாகத் தொன்னையும், பக்கத்தில் ஒரு குப்பைக்கூடையும் வையுங்கள். பிற்பகலில் மாட வீதிகளுக்குள் வண்டி போகாது. பொருள்களைக் காலையிலேயே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும்.